பாவம் என்று மட்டும்தான் சொன்னேன்

ஜனவரி 6, திங்கள்

இன்று வகுப்பில் மேடம் ஆளுக்கொரு நூறு பக்க நோட்டு வாங்கச் சொன்னார்கள். பி.எட். படிக்கிறவர்கள் தினமும் சுயசிந்தனைக் குறிப்பு எழுத வேண்டுமாம். அன்றன்று என்ன கற்றோம், எங்கே தவறினோம், யாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டோம் என்றெல்லாம். மாதக் கடைசியில் மேடம் வாங்கிப் படித்துக் கையெழுத்துப் போடுவார்கள். ஒருத்தர் படித்துக் கையெழுத்துப் போடப்போகிற நோட்டில் எவள் உண்மையை எழுதுவாள்? அதனால் நான் இரண்டு நோட்டு வாங்கினேன். நீல அட்டை மேடத்துக்கு. இது எனக்கு.

செண்பகவல்லி, வயது முப்பத்தெட்டு. வகுப்பிலேயே மூத்தவள் நான்தான். பதினைந்து வருஷம் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்றேன். நின்றேன் என்றால் நிஜமாகவே நின்றேன், உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. நின்றுகொண்டே தபாலில் பி.ஏ. தமிழ் முடித்தேன். போன வருஷம் கடையை விட்டுவிட்டு இங்கே சேர்ந்தேன். காலை ஒன்பதரையிலிருந்து மாலை நாலரை வரை கல்லூரி. வருகைப்பதிவு குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். பாதி நாள் வேலை எந்தக் கடையிலும் தரமாட்டார்கள். கையில் பத்தாவது படிக்கிற மகள், வாடகை வீடு.

அதனால்தான் சேலை மடிப்பு. விசேஷ வீட்டுக்காரர்கள் சேலையைக் கொண்டுவந்து தருவார்கள். உடுத்தப்போகிறவளின் உயரம், இடுப்பளவு கேட்டு, கொசுவத்தையும் முந்தியையும் முன்கூட்டியே மடித்து, இஸ்திரிப் பெட்டி போட்டு, கிளிப் மாட்டி, அட்டைப்பெட்டியில் அடக்கிக் கொடுத்தால், மணப்பெண் ஐந்து நிமிஷத்தில் உடுத்திவிடலாம். விடியற்காலையில் செய்யலாம், சாயங்காலம் செய்யலாம், பரீட்சை என்றால் இரண்டு நாள் தள்ளிப் போடலாம். திட்டுவதற்கு மேலாளர் இல்லை. என்னைப் போன்ற ஒருத்திக்காகவே யாரோ யோசித்துக் கண்டுபிடித்த வேலை. இது நின்றால் படிப்பும் நின்றுவிடும், பழைய கடைக்கே போய் நிற்க வேண்டியதுதான்.

அவர் புனேயில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பொங்கலுக்கு வருகிறார்.

ஜனவரி 9, வியாழன்

பிரம்மசக்தியைப் பற்றி எழுதாமல் இருந்துவிடலாம் என்று மூன்று நாள் பார்த்தேன். முடியவில்லை.

என் பக்கத்து இருக்கை, சக்தி என்றுதான் கூப்பிடுவோம். வயது முப்பத்திரண்டு. கல்லூரியில் எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி என்றும் சொல்லலாம். மற்றதெல்லாம் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள், 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்ளும். போன நவம்பரில் நூலகத்துக்குப் பின்னால் கிடக்கிற பழைய மேஜையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், நான்தான் அவளுக்கு மடிப்பு சொல்லிக் கொடுத்தேன். "அக்கா, ப்ளீட்ஸ் நழுவுதுக்கா" என்பாள். "ப்ளீட்ஸ் இல்லட்டி, கொசுவம்னு சொல்லு. வாய் கோணியா போயிரும்?" என்று நான்தான் திருத்தினேன்.

இப்போது அவள் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறாள். அதன் பெயர் என்ன தெரியுமா? 'கொசுவம்'. நாலாயிரம் பேர் பார்க்கிறார்கள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். இது பாய்ந்ததோடு நிற்காமல் மார்பில் ஏறி நின்று போட்டோவும் எடுத்துப் போட்டிருக்கிறது.

வீடியோவில் முகம் காட்டமாட்டாள். கை மட்டும்தான். நீள நீளமான விரல்கள் ஒரு சுருக்கம் இல்லாமல் பட்டைத் தள்ளித் தள்ளி மடிக்கின்றன. என் விரல்கள் குட்டை. கடையில் கத்தரியும் நூலும் பிடித்துக் காய்ப்பு ஏறியவை. வீடியோ எடுத்தால் அது மாவு பிசைகிற வீடியோ மாதிரித்தான் இருக்கும்.

எனக்குப் பொறாமை கிடையாது. அந்த வார்த்தை என்னுடையது, அவ்வளவுதான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அவர் வரவில்லை. கடையில் ஆள் இல்லையாம். போன் செய்தார். மகள் கோமதியிடம் சொன்னேன்.

"எப்பம்மா போன் பண்ணாவ?"

"நீ வாசல்ல கோலம் போட்டுட்டு இருந்தப்ப."

"கோலத்த வீடியோ எடுக்க உன் போனு என் கையிலல்லா இருந்துச்சு?"

அதற்குள் பால் பொங்கிவிட்டது. இரண்டு பேரும் குலவை போட்டோம்.

ஜனவரி 21, செவ்வாய்

நுண்ணிலைக் கற்பித்தல் தொடங்கியிருக்கிறது. ஒருத்தி ஐந்து நிமிஷம் பாடம் எடுக்க வேண்டும். நாங்களே மாணவர்களாக உட்கார வேண்டும். ஒருத்தி பின்வரிசையில் உட்கார்ந்து தாளில் மதிப்பெண் போட வேண்டும். இன்று பாடம் எடுத்தது சக்தி. மதிப்பெண் போட்டது நான்.

தலைப்பு சிலேடை. பையிலிருந்து ஒரு மயில்கழுத்துப் பட்டுத் துண்டை எடுத்து ஆட்டினாள். "பிள்ளையளா, இது என்ன நிறம்?" என்றாள். இந்தப் பக்கம் இருந்தவர்கள் நீலம் என்றார்கள், அந்தப் பக்கம் பச்சை என்றார்கள். ஒரே சத்தம். "ரெண்டு பேரு சொன்னதும் சரிதான். துணி ஒண்ணு, பாக்குத இடம் வேற. ஒரே சொல் இப்படி ரெண்டு பொருள் காட்டுனா அதுதான் சிலேடை" என்றாள். மேடம் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஏழு மாதத்தில் மேடம் எழுந்து நின்று நான் பார்த்தது தேசிய கீதத்துக்கு மட்டும்தான்.

மயில்கழுத்துப் பட்டில் நெடுக்கே ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடு நூல் ஒரு நிறம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? அந்தத் துண்டும் நான் கொடுத்த துண்டு.

கரும்பலகைப் பயன்பாடு என்கிற கட்டத்தில் ஐந்துக்கு இரண்டு போட்டேன். அவள் கரும்பலகையில் 'சிலேடை' என்று ஒரே ஒரு வார்த்தைதான் எழுதினாள். ஆகவே அது நியாயமான மதிப்பெண்.

ஜனவரி 27, திங்கள்

பெருமாள்புரத்தில் பார்லர் வைத்திருக்கும் ஸ்டெல்லாதான் எனக்கு முதலில் சேலைகள் அனுப்பியவள். மணப்பெண் அலங்காரம் அவள், மடிப்பு நான் என்று ஆறு மாதமாக ஓடியது. பத்து நாளாக அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்று நேரிலேயே போய்க் கேட்டேன்.

"தப்பா நினைக்காதீய அக்கா. வாரவியளே சக்திய கேக்காவ. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு சக்தி மடிச்ச சேலயக் கட்டுன மூணு பிள்ளையளுக்கும் உடனே அமைஞ்சிருச்சாம். கைராசின்னு பேராயிட்டு. நான் என்ன செய்ய?"

கைராசியாம். பெட்டியின் சூடு பட்டுக்குத் தக்கபடி இருந்தால் ராசி தானாக வரும். பதினைந்து வருஷம் ஆயிரம் மணப்பெண்களுக்குச் சேலை எடுத்துக் கொடுத்த கை இது. அப்போது ஒருத்தியும் ராசி என்று சொல்லவில்லை. 'பில் எங்கம்மா போடணும்?' என்றுதான் கேட்டார்கள்.

ஜனவரி 30, வியாழன்

இன்று சேலை எதுவும் வரவில்லை. நேற்றும் வரவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

கடை மேலாளர் போன் செய்தார். சித்திரை சீசனுக்கு ஆள் வேண்டுமாம். "படிச்சு முடிச்சிட்டியளா?" என்று கேட்டார். இன்னும் ஒன்றேகால் வருஷம் இருக்கிறது என்றேன். "இந்த வயசுல எதுக்கும்மா" என்று சிரித்தார்.

மதியம் சக்தி சொதி கொண்டுவந்திருந்தாள். என் தட்டில் முதலில் ஊற்றிவிட்டுத்தான் தனக்கு எடுத்துக்கொண்டாள். நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, எனக்கு இந்த வாரம் நெறைய வந்து கெடக்கு. நாலு சேல நீங்க எடுத்துக்கிடுதியளா?"

"எனக்கே மூச்சு விட நேரமில்லட்டி" என்றேன். வீட்டில் என் இஸ்திரிப் பெட்டி ஒயரைச் சுற்றிக்கொண்டு ஐந்து நாளாகத் தூங்குகிறது.

பிச்சை போடுகிறாள். என்னிடம் கற்றுக்கொண்டு எனக்கே பிச்சை போடுகிறாள். பஸ்ஸில் வரும்போது முழு வழியும் இதே நினைப்புதான். இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

ஸ்டெல்லாவின் அட்டைப்பெட்டிகள் இரண்டு என்னிடம் இருந்தன. திருப்பிக் கொடுக்கப் போனேன். வேறு எதற்கும் போகவில்லை.

அங்கே மகாராஜநகர் பகவதியம்மா உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு தாண்டி வருகிற ஞாயிறு, பதினாறாம் தேதி, மகளுக்குக் கல்யாணம். ஏழு சேலை, அதில் முகூர்த்தப் பட்டும் ஒன்று. எல்லாவற்றையும் சக்தியிடம் கொடுத்திருக்கிறார்களாம். தெருவிலேயே பெரிய குடும்பம், அண்ணன் தம்பி வீடுகளில் கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைகள் இன்னும் நான்கு. அவர்கள் கை காட்டினால் ஒரு வருஷத்துக்கு வேலை இருக்கும்.

ஸ்டெல்லா என்னைக் காட்டி, "இவியளும் சக்தியும் ஒரே கிளாஸ்தான்" என்றாள்.

பகவதியம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! நல்ல பிள்ள. வீடியோவுல கையி மட்டுந்தான் பாத்தேன். என்ன கையி! அவ வீட்டுக்காரரு என்ன செய்தாரு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. பாவம் என்று மட்டும்தான் சொன்னேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

புதன்கிழமை எழுதியதைத் திரும்பப் படித்தேன். பாவம் என்று சொன்னது உண்மை. ஆனால் அதற்கு முன் ஒரு பெருமூச்சு விட்டேன். அதை எழுதவில்லை.

பகவதியம்மா "ஏன், என்னாச்சு?" என்று கேட்டார்கள். யாராக இருந்தாலும் கேட்கத்தானே செய்வார்கள். "அதெல்லாம் அவ விதி. மூணு வருஷமாச்சு. சின்ன வயசு" என்றேன். அதையும் எழுதவில்லை.

பகவதியம்மா மடியிலிருந்த பையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்கள். "சேல குடுக்கப் போனப்ப பொட்டு வச்சிருந்தாளே" என்றார்கள். "இப்ப எல்லாரும் வைக்காங்கம்மா, அதுல என்ன" என்று நான் அவளுக்காகப் பரிந்துதான் பேசினேன். ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னதில் பொய் ஏதாவது உண்டா? இல்லை. யாரையாவது திட்டினேனா? இல்லை. அவளிடம் சேலையைக் கொடுக்காதீர்கள் என்று சொன்னேனா? அதுவும் இல்லை.

இன்று மாலை ஸ்டெல்லா போன் செய்தாள். "முகூர்த்தச் சேலைய நீங்க மடிச்சிருவியளா? அவியளுக்கு சுமங்கலி கைதான் வேணுமாம்" என்றாள். குரலில் பழைய ஒட்டுதல் இல்லை.

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

பிப்ரவரி 8, சனி

சக்தியின் பக்கத்தில் புதிய வீடியோ இல்லை. பகவதியம்மா மட்டுமில்லை, இன்னும் ஐந்து வீட்டுக்காரர்கள் சேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம். வகுப்புப் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். 'ஏன்னு தெரியலையே' என்றார்கள். எனக்கும் தெரியாது என்றேன்.

அவள் வழக்கம்போலப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வழக்கம்போலப் பொட்டு வைத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

மாலை ஐந்தரைக்கு பகவதியம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வெற்றிலை, பாக்கு, பூ, மஞ்சள் எல்லாம் தட்டில் வைத்து, அதன்மேல் முகூர்த்தப் பட்டு. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் என் கழுத்தைத்தான் பார்த்தார்கள். கயிறு வெளியே தெரிகிறதா என்று நானே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"வீட்டுக்காரரு புனேல இருக்காராம்லா. மாசா மாசம் வந்துட்டுப் போவாராமே, கொடுத்து வச்சவ நீ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா?"

"அந்தப் பிள்ளதான், சக்தி. சேலயத் திருப்பி வாங்கப் போனேன். மூஞ்சி சுண்டிப்போச்சு, இருந்தாலும் ஒரு வார்த்த கொற சொல்லலியே! 'வேற எங்கயும் குடுத்துராதீய, செண்பகக்காட்ட குடுங்க. நெறஞ்ச சுமங்கலி, நல்ல கை'ன்னா. நல்ல மனசு, என்ன செய்ய, குடுத்து வைக்கல."

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து கோமதி வந்து நின்றாள். கையில் கணக்கு நோட்டு.

"எங்கப்பா வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அங்க வேற வீடு இருக்கு" என்றாள்.

பிள்ளையை அறையலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. சரி, இதோடு எல்லாம் முடிந்தது, தட்டைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு வகையில் போய்விட்டால் நல்லது என்றும் நினைத்தேன். பகவதியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"உசுரோடதான இருக்காரு?"

"இருக்காரு."

"கயிறு கழுத்துலதான இருக்கு?"

"இருக்கு."

"அப்ப என்ன? அது போதும். நல்லா மடிச்சு வையி" என்று தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஓடிப்போனவன் கணக்கில் சேர்கிறான். செத்துப்போனவன் சேரவில்லை. சக்தியின் புருஷன் தூத்துக்குடியில் உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், சாகிற அன்றைக்குக் காலையில்கூட அவளுக்கு டிபன் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனாராம். என்னுடையவர் போகும்போது மிக்ஸியையும் எடுத்துக்கொண்டு போனார். எழுதிவிட்டேன். பொங்கலுக்குப் போனும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை.

சக்திக்கு இதெல்லாம் தெரியும். நாங்கள் முதலில் பார்த்துக்கொண்டது கல்லூரியில் இல்லை. போன வருஷம், பி.எட். விண்ணப்பத்தோடு வைக்கச் சான்றிதழ் வாங்க நின்ற தாலுகா ஆபீஸ் வரிசையில். அவள் விதவைச் சான்றிதழுக்கு நின்றாள். அவளுக்குப் பின்னால் நான், கணவனால் கைவிடப்பட்டவள் என்கிற சான்றிதழுக்கு. வெளியே வந்து ஆளுக்கொரு சர்பத் குடித்தோம். "காலேஜ்ல நம்ம கத நம்மளோட இருக்கட்டும்க்கா. உங்கத நான் சொல்லமாட்டேன், எங்கத நீங்க சொல்லாதீய" என்றாள். கையில் அடித்துச் சத்தியம் செய்தோம். இந்த ஊரில் அவள் கதை தெரிந்த ஒரே ஆள் நான்.

என் கதையை அவள் இன்றுவரை காப்பாற்றியிருக்கிறாள். மாசா மாசம் வருகிறார் என்று சேர்த்தும் சொல்லியிருக்கிறாள்.

இவ்வளவையும் எழுதிவிட்டுச் சேலையைப் பிரித்தேன். அரக்கு நிறம், முந்தியில் வரிசையாக அன்னம். கிளிப்பெல்லாம் எடுத்துவிட்டுச் சாதாரணமாக மடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் பட்டில் மடிப்புத் தடம் லேசில் போகாது. சக்தி ஏற்கெனவே மடித்து முடித்திருக்கிறாள். முந்தியில் ஏழு மடிப்பு. தடத்தின் மேலேயே விரலை வைத்துத் தள்ளிப் பார்த்தேன். ஏழு மடிப்பிலும், ஒவ்வொன்றின் ஓரத்திலும், ஒரு அன்னத்தின் தலை முழுசாக வந்து நின்றது. ஒன்றுகூட வெட்டுப்படவில்லை. நெசவு வரிசைக்கும் மடிப்பு அகலத்துக்கும் சாதாரணமாக அப்படிப் பொருந்தவே பொருந்தாது. பதினைந்து வருஷத்தில் நான் இப்படிப் பார்த்ததில்லை.

இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பெட்டியைச் சூடுபண்ணினேன். அந்தத் தடத்தின் மேலேயே பெட்டி போட்டிருந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் மணப்பெண் கொஞ்சம் குள்ளம். ஏழு மடிப்பு எடுத்தால் தோள் குறுகித் தெரியும். குள்ளமானவர்களுக்கு ஐந்துதான் எடுப்பு, கடையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்.

மெல்லிய துணியை நனைத்து மேலே போட்டு ஆவி பிடிக்க வைத்தேன். தடம் ஒவ்வொன்றாகப் போயிற்று. மூன்றாவது மடிப்பு மட்டும் சீக்கிரம் போகவில்லை. நான்கு தடவை தேய்த்தேன். பிறகு ஐந்து மடிப்பு எடுத்துப் பெட்டி போட்டுக் கிளிப் மாட்டினேன்.

கோமதி எழுந்து வந்து பார்த்தாள். "நேத்து இருந்ததுதாம்மா நல்லா இருந்துச்சு" என்றாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, போய்க் குளி என்றேன்.

பிப்ரவரி 13, வியாழன்

நீல நோட்டுக்கு மேடம் தலைப்பு கொடுத்தார்கள்: 'சக மாணவரிடமிருந்து நான் கற்றது'. சக்தியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். பொறுமை, பகிர்ந்து உண்ணும் பண்பு, மயில்கழுத்துத் துண்டை வைத்துச் சிலேடை நடத்திய திறமை. மேடம் மாதக் கடைசி வரை காத்திராமல் இன்றே வாங்கி 'மிக நன்று' என்று எழுதி, வகுப்பில் படித்தும் காட்டினார்கள். எல்லோரும் சக்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு என் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

மதியம் தனியாகப் போய்ச் சாப்பிட்டாள். தலைவலி என்றாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பகவதியம்மா வீட்டுக் கல்யாணம். போயிருந்தேன். கூப்பிட்டபோது போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

மணப்பெண் மேடைக்கு வந்ததும் பெண்கள் பக்கம் ஒரே பேச்சு, யார் மடித்தது, யார் மடித்தது என்று. பகவதியம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "இவதான். ராசியான கை" என்று நாத்தனார்களிடம் காட்டினார்கள். ரவிக்கைத் துணியும் தேங்காய் பழமும் வைத்துக் கொடுத்தார்கள். அங்கேயே ஒன்பது சேலைக்குச் சொல்லிவிட்டார்கள். சித்திரை வரைக்கும் கவலையில்லை. மேலாளர் போன் செய்தால் இனிமேல் சிரித்துக்கொண்டே பேசலாம்.

முந்தி நன்றாகத்தான் இருந்தது. ஐந்து மடிப்பு, அகல அகலமாக. அன்னங்களுக்குக் கழுத்தும் உடம்பும் தெரிந்தன. தலைகள் மடிப்புக்குள் போயிருந்தன. முந்நூறு பேர் பார்த்தார்கள், ஒருத்தர்கூட அதைக் கவனிக்கவில்லை. நான் மட்டும் பந்தியிலிருந்து எழுந்த பிறகும் திரும்பத் திரும்ப அதையே பார்த்தேன்.

எப்படிக் கண்டுபிடித்தாள்? எந்த அளவில் தொடங்கினால் ஏழும் அப்படி வந்து விழும்? வாழ்த்திவிட்டு இறங்கும்போதும் மனசுக்குள் விரலால் மடித்துக்கொண்டேதான் இறங்கினேன். வரவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

சக்தி கல்லூரிக்கு வரவில்லை. பக்கத்து இருக்கையில் என் பையை வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று வந்தாள். மதியம் நூலகத்துக்குப் பின்னால் அந்தப் பழைய மேஜையருகில் நின்றுகொண்டிருந்தாள். எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கிட்டே போனதும் அவள் கேட்காமலேயே சொல்லிவிட்டேன்.

"ஏட்டி, பகவதியம்மாட்ட சொன்னது நான்தான்."

"தெரியும்க்கா" என்றாள். "உங்களத் தவுர இங்க யாருக்குத் தெரியும்?"

"தெரிஞ்சுமா என்னையக் கைகாட்டிவிட்ட? நெறஞ்ச சுமங்கலின்னு வேற சொல்லிருக்க?"

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கவும் இல்லை. கோபமாகத்தான் பேசினாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"உங்கள வாழ வைக்கணும்னு ஒண்ணும் சொல்லல. சேலய வாங்கிட்டுப் போன அன்னைல இருந்து உங்க மூஞ்சியப் பாக்கவே எனக்குப் பிடிக்கல. அந்த முந்திய நாலு தடவ கலைச்சுக் கலைச்சு எடுத்தேன்க்கா. ஏழு அன்னமும் தல நிமுந்து நிக்கணும்னு. ரெண்டு நாளு சரியா சாப்பிடக்கூட இல்ல. வந்து திருப்பிக் கேக்காவ. வேற எவ கையிலயாவது போனா என்னத்தக் கண்டா, தேச்சு அழிச்சிருவா. உங்களுக்குத்தான் துணி தெரியும். தடத்தப் பாத்ததுமே புரியும், அதுமேலயே பெட்டி போட்டுக் குடுத்துருவியன்னு சொன்னேன். எம் பேரு இல்லாட்டாலும் எம் மடிப்பு மேடையேறணும்லா."

அதே மூச்சில் அவள் கையை நீட்டினாள்.

"ஸ்டெல்லாக்கா கல்யாணப் போட்டோ ஸ்டேட்டஸ்ல வச்சிருக்காவளாமே. சேலயெல்லாம் திரும்பிப் போனதும் என்னைய பிளாக் பண்ணிட்டாவ. உங்க போன்ல காட்டுங்க. ஒரே ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."

சார்ஜ் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வீட்டில் வைத்துவிட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம். இந்த நோட்டில் எத்தனையோ அப்படி எழுதிப் பழகியவள்தானே நான். போனை எடுத்து, படத்தைத் திறந்து, அவள் கையில் கொடுத்தேன்.

முதலில் அவள் முகத்தில் ஒரு ஆசை வந்தது. பிறகு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். தோளிலிருந்து கீழே தள்ளிக்கொண்டே வந்தாள். உதடு அசைந்தது, எண்ணினாள். திரும்பவும் மேலே போய் இன்னொரு தடவை எண்ணினாள். மதிய மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"தடம் போயிருந்துச்சாக்கா?"

"இல்ல. நல்லா தெரிஞ்சுது."

"அன்னத்தோட தல?"

"ஏழும் பாத்தேன்."

"பாத்துட்டுமாக்கா கலைச்சிய?"

"பாத்ததுனாலதாம்ட்டி" என்றேன்.

அவள் போனை மேஜைமேல் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். நான் போவதற்குள் வருகைப்பதிவு எடுத்து முடித்திருந்தார்கள்.